சிலைகள் யாருக்காக?

"பொது இடத்தில் சிலை எதற்கு, அந்தப் பணத்தில் நாலு பேருக்குச் சோறு போடலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். மெரினாவைப் பேருந்தில் கடக்கும்போது வரிசையாக நிற்கும் சிலைகளைப் பார்த்து வந்த கேள்வி என்று நினைக்கிறேன். தெருவுக்குத் தெரு தலைவர் சிலை வைக்கச் சொல்லி நான் வாதாடவில்லை. அதனால் கட்சிச் சண்டையோடு யாரும் வர வேண்டாம்.

என் அப்பா சென்னையின் பழைய காய்கறி மார்க்கெட்டான கொத்தவால்சாவடியில் லோடுமேன். 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனதும் அவரும் அங்கே போனார். பள்ளியில் யாராவது கேட்டால் அப்பாவுக்கு "வியாபாரம்" என்றுதான் சொல்வேன். ஆறாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குக் கூட்டிப்போனார். உழைப்பாளர் சிலை பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். நாலு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிற சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. "காலைப் பாரு. பாரத்துக்குக் கால் இப்படித்தான் ஊனணும். செஞ்சவன் நின்னு பாத்திருக்கான்டா" என்றார். வெங்காய மூட்டையை முதுகில் வாங்கும்போது எந்தக் காலை முன்னால் வைப்பார் என்று அங்கேயே நின்று காட்டினார். அவர் வேலையைப் பற்றி என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

இந்தியாவில் முதல் மே தினத்தை 1923இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான். அது நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. சிலை இல்லாவிட்டால் தேடிப் படித்திருக்க மாட்டேன். 2001இல் மெரினாவிலிருந்து கண்ணகி சிலையை எடுத்தபோது எத்தனை பேர் கொதித்தார்கள்? 2006இல் திரும்ப வைக்கும்வரை அந்தப் பேச்சு ஓயவே இல்லை. யாருக்கும் வேண்டாத பொருளுக்கு அப்படி நடக்காது.

சரி, சோறு போடுவதைச் சொன்னீர்கள். அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஓய்வூதியத்துக்கு விரல்ரேகை கேட்கிறார்கள். மூட்டையும் கொக்கியும் பிடித்துத் தேய்ந்த விரல், மெஷினில் விழவில்லை. கையைக் கழுவி வரச் சொன்னார்கள், எண்ணெய் தடவச் சொன்னார்கள். அங்கே இருந்தவர், "என்ன பெரியவரே, ரேகையே இல்லையே" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். அப்பா கையை மடக்கி வேட்டிக்குள் வைத்துக்கொண்டார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.