வாசகர் கேள்வி பதில்: தேர்தல் காலத்துச் சொற்கள்

தேர்தல் நெருங்க நெருங்க, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தன்மையும் மாறிவிட்டது. யார் வெல்வார் என்று கேட்பவர்களைவிட, அரசியல் பேசியதால் யாருடன் பேச்சுவார்த்தை நின்றுபோனது என்று எழுதுபவர்களே அதிகம். ஆகவே இந்த இதழில் அக்கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் உறவினர்கள் நாற்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு, பிறந்தநாள் வாழ்த்துக்கும் காதுகுத்து அழைப்புக்கும் என்று தொடங்கப்பட்டது. தேர்தல் பேச்சு வந்ததும் அது சண்டைக்களமாகிவிட்டது. என் அக்கா மகன் தன் சொந்தத் தாய்மாமனை, அதாவது என் அண்ணனை, 'கொத்தடிமை' என்று எழுதினான். அண்ணன் அவனை 'இருநூறு ரூபாய்க்கு எழுதுகிறவன்' என்று எழுதினார். இருவரும் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள். ஆவணியில் என் மகளுக்குத் திருமணம். தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவர் அண்ணன். பந்தலிலிருந்து பந்தி வரை ஓடியாட வேண்டியவன் அக்கா மகன். நான் என்ன செய்வது?
வாசகி, கும்பகோணம்

முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள். இருவரையும் மறுபடி குழுவில் சேர்த்து, நாற்பது பேர் பார்க்க அங்கேயே சமாதானம் பேசாதீர்கள். அந்த இரண்டு சொற்களும் பிறந்ததே நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். உங்கள் அக்கா மகன் அப்படி எழுதியது மாமாவின் மனத்தை மாற்றுவதற்காக அல்ல. 'கொத்தடிமை' என்று ஏசப்பட்டதால் எவரும் தம் ஓட்டை மாற்றிக்கொண்டதில்லை என்பது அவனுக்கும் தெரியும். தன் பக்கத்து ஆட்கள் பார்க்க வேண்டும் என்றே எழுதினான். உங்கள் அண்ணன் எழுதியதும் அவ்வாறே. இன்றைய தேர்தல் விவாதத்தில் பெரும்பகுதி எதிராளியின் பெயரைச் சொல்லி நம்மவர்களுக்காகப் பேசப்படுவது என்பதே என் எண்ணம். சமூக வலைத்தளங்களின் அமைப்பும் இதற்கு உரமிடுகிறது. எந்தப் பதிவுக்கு மறுமொழியும் பகிர்வும் மிகுதியோ அதையே அவை மேலும் பலர் கண்ணில் படச் செய்கின்றன. நிதானமாக எழுதிய பத்து வரிகள் யாரும் திரும்பிப் பாராமல் கிடக்க, ஒரு வசைச் சொல்லின் கீழே மறுமொழிகள் வந்து குவிகின்றன. அங்கே பழகிய கை, காதுகுத்து அழைப்பு வரும் குழுவிலும் அதே பழக்கத்தில் எழுதிவிடுகிறது. சொற்களைக்கூட அவர்கள் யோசித்துத் தேடவில்லை. 'சங்கி', 'உ.பி.' (உடன்பிறப்பு), 'கொத்தடிமை', 'இருநூறு ரூபாய்' என்று எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒரு பட்டப்பெயர் ஆயத்தமாக இருக்கிறது. எடுத்து ஒட்டுவதற்கு ஒரு நொடி போதும்.

நான் சிறுவனாக இருந்தபோது, 1989 ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலை எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் பார்த்தேன். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஓர் அணி சேவலிலும் மற்றோர் அணி இரட்டைப் புறாவிலும் நின்ற தேர்தல் அது. கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவரும், சேவலுக்கு ஓட்டுக் கேட்டு அலைந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரும் நாள்தோறும் ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள், உரக்கச் சண்டையிடுவார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தி.மு.க. ஆட்சியைப் பிடித்த மறுநாள் காலை, மளிகைக் கடைக்காரர் முகம் கறுத்து வந்து உட்கார்ந்தார். எல்லோரும் பெரியவரின் வாயைப் பார்த்தோம். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "உங்க செவலை கன்னு போட்டுச்சா?" என்று கேட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் கண்ணில் பட்டதால் வந்த கேள்வி அது. கைப்பேசித் திரையில் அந்த முகம் தெரிவதில்லை.

ஆகவே உங்கள் அக்காவிடம் சொல்லி, மகனைத் தனியாக மாமா வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். நீங்களும் உடன் போகலாம், வேறு யாரும் வேண்டாம். இளையவன் என்பதால் முதல் வார்த்தை அவனுடையதாக இருக்கட்டும். ஆனால் அவன் தன் கட்சியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கக் கூடாது. 'கொத்தடிமை என்று சொன்னது தப்பு மாமா' என்பது போதும். 'நான் ஆதரிக்கும் கட்சி தப்பு' என்று அவன் சொல்லத் தேவையில்லை. அண்ணனும் 'காசுக்கு எழுதுகிறாய் என்று சொன்னது தப்பு' என்று சொல்ல வேண்டும், ஏனெனில் ஒருவன் மனதார நம்புவதை விலைக்கு வாங்கப்பட்டது என்று சொல்வது சிறிய காயம் அன்று. வயதில் மூத்தவர் என்பது அவருக்கு இதிலிருந்து விலக்குத் தராது.

இருவரிடமும் ஒரு கணக்கையும் சொல்லிப் பாருங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் வென்ற தி.மு.க. கூட்டணி பெற்றது ஏறத்தாழ 45 சதவீத வாக்குகள், தோற்ற அ.தி.மு.க. கூட்டணி பெற்றது ஏறத்தாழ 40 சதவீதம். மீதி, பிற கட்சிகளுக்குப் போனது. உங்கள் மகள் திருமணத்தில் ஒரு வரிசையில் பத்துப் பேர் பந்திக்கு உட்கார்ந்தால், அவர்களில் ஐந்தாறு பேராவது அக்கா மகனுக்கு ஆகாதவர்கள், ஐந்தாறு பேராவது அண்ணனுக்கு ஆகாதவர்கள் என்று ஆகும். அத்தனை பேரையும் அடிமை என்றும் கூலி என்றும் எண்ணிக்கொண்டு யாருக்கு இலை போடுவது, யாருக்குச் சோறு பரிமாறுவது?

நான் ஒரு கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஊதியம் இல்லாமல் உழைக்கும் தொண்டன். நாங்கள் கண்ணியம் காத்தால், மற்றவர்கள் பொய்யைப் பரப்பி வென்றுவிடுவார்கள். கடுமையாகத் திருப்பி அடிப்பது எப்படித் தவறாகும்?
வாசகர், விழுப்புரம்

பொய்யை மறுப்பது உங்கள் கடமை. அதில் தயக்கமே வேண்டாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்தவர்கள் அஞ்சி ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். அந்தக் காணொளி எந்த ஊரில், எப்போது எடுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டியதால்தான் பீதி தணிந்தது. பரப்பியவனின் தாயைப் பழித்ததால் தணியவில்லை. ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்யென்று தெரிந்தே வேட்பாளரோ அவருடைய முகவரோ செய்தி வெளியிட்டால், 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123 ஆவது பிரிவு அதை ஊழல் நடவடிக்கை என்றே வகைப்படுத்துகிறது. வெற்றியையே செல்லாததாக்கக்கூடிய குற்றச்சாட்டு அது. பொய்யை எதிர்கொள்ள ஆதாரம், புகார், வழக்கு என்று வழிகள் இருக்கின்றன.

நீங்கள் 'திருப்பி அடிப்பது' என்று சொல்வது இவை எதிலும் சேராது என்று நினைக்கிறேன். அந்த அடி எதிர்க்கட்சித் தலைவர் மீது விழுவதில்லை, அவருக்கு ஓட்டுப் போட எண்ணியிருக்கும் சாதாரண மனிதர் மீது விழுகிறது. 2021 இல் சென்னை தியாகராய நகர்த் தொகுதியின் முடிவு 137 வாக்குகளில் நின்றது. 2016 இல் ராதாபுரத்தில் 49 வாக்குகள். இத்தகைய தொகுதியில் யாருக்குப் போடுவது என்று தெரியாமல் இரு பக்கத்து மறுமொழிகளையும் ஓசையின்றிப் படித்துக்கொண்டிருக்கும் அந்தச் சிலரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் விலைவாசியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, உங்கள் தோழர் ஒருவரிடம் 'போடா சங்கி' என்றோ 'போடா உ.பி.' என்றோ பதில் பெற்றிருந்தால், நீங்கள் ஊதியம் இல்லாமல் இரவெல்லாம் விழித்து வரைந்த விளக்கப்படத்தை அதற்குப் பிறகு திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். உங்கள் உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதை உங்கள் பக்கத்து ஆட்களே கெடுக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதல்முறை ஓட்டுப் போடப் போகிறேன். நான் விரும்பும் கட்சியைச் சொன்னதும் 'தற்குறி' என்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும்?
கல்லூரி மாணவர், திருநெல்வேலி

அந்தச் சொல்லின் பொருளை உங்களை ஏசுபவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தற்குறி என்றால் எழுதப் படிக்கத் தெரியாமல், கையெழுத்துக்குப் பதிலாகக் கீறலோ கைநாட்டோ வைப்பவர். நம்மில் பெரும்பாலோருடைய பாட்டனும் பாட்டியும் அப்படித்தான் வைத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் பெரும்பாலும் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கே ஓட்டு இருந்தது. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் 18 சதவீதம் அளவுக்கே இருந்தும், 1951-52 இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கொடுக்கப்பட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்காகவே சின்னங்கள் வந்தன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைக்கப்பட்டது. தற்குறிகள் நாட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தை அன்று பொய்யாக்கியவர்கள் அந்தத் தற்குறிகளே. இன்று பெரியார் பெயரையும் காமராசர் பெயரையும் சொல்லி அரசியல் செய்பவர்கள் இச்சொல்லை வசையாக எடுப்பதைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

பதிலாக நீங்கள் அவர்களைக் 'கிழங்கட்டை' என்றோ 'பூமர்' என்றோ சொல்லாதீர்கள். உங்களுக்கு அந்தக் கட்சியிடம் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று ஓர் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். பிடிக்காதது ஒன்றுகூட இல்லை என்றால், அந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

அந்தக் கால அரசியலில் இருந்த கண்ணியம் இன்று எங்கே போனது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ஐயா, அந்தக் காலத்தையும் நாம் முழுதாக நினைவுகூர வேண்டும். நள்ளிரவு தாண்டியும் நடந்த பொதுக்கூட்டங்களில், கூட்டம் கலையாமல் இருக்கக் கடைசியில் ஏற்றப்பட்ட பேச்சாளர்கள் பெண் தலைவர்களைப் பற்றிச் சொன்னவை அச்சேறத் தகாதவை. கீழே நின்று கைதட்டியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தாம். அந்தப் பேச்சு பெரும்பாலும் மைதானத்தோடு போயிற்று, இன்றோ ஒருவர் எழுதிய வரி ஸ்க்ரீன்ஷாட்டாக ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது.

ஆனால் மேலே இருந்தவர்களிடம் ஓர் எல்லை இருந்தது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று சொல்லி வீதி வீதியாக எதிர்த்தவர் பெரியார். 1954 இல் ராஜாஜி முதல்வர் பதவியை விட்டு விலக அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். அதே பெரியார், 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்த உடம்போடு சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டு அழுதார். கொள்கையில் ஓர் இம்மிகூட இருவரும் விட்டுக்கொடுத்தவர்கள் அல்லர். 'மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு' என்று தம்பியருக்குச் சொன்னவர் அண்ணா. 1967 இல் காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 வாக்குகளில் தோற்றபோது, வென்ற கட்சியின் தலைவரான அண்ணா அதற்காக வருந்தினார் என்று அன்று உடனிருந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய தலைவர்கள் தம் பெயரில் எழுதப்படும் ஆபாசத்தைக் கண்டித்து மாதம் ஓர் அறிக்கை விட்டால்கூட நிலைமை மாறும். தடுக்க முடியாது என்று அவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. தலைவரைக் குறை சொல்லும் ஒரு பதிவை நீக்க வைக்க அவர்களுடைய ஆட்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை.

எங்கள் பகுதிச் சாலையைப் பற்றி முகநூலில் எழுதினேன். எந்தக் கட்சியின் பெயரையும் குறிப்பிடவில்லை. முன்பின் தெரியாத ஆண்கள் என் படத்தை எடுத்துப் போட்டு, கூசும் சொற்களால் எழுதினார்கள். இப்போது எழுதுவதையே விட்டுவிட்டேன். இது கோழைத்தனமா?
வாசகி, கோயம்புத்தூர்

இல்லை. தெருவில் கல் பறக்கும்போது கதவைச் சாத்துவது கோழைத்தனம் ஆகாது. உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். சாலையில் உள்ள பள்ளத்தைப் பற்றி எழுதிய பெண்ணுக்கு வந்த பதில்களில் பள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர்களை பிளாக் செய்வதற்கு முன்பாக, ஒவ்வொரு பதிவையும் கணக்கின் பெயர், இணைப்பு, நாள், நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு நீக்கப்பட்டுவிட்டால் பின்னர் தேடுவது கடினம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. உங்கள் மாநகரின் சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 இல் உச்ச நீதிமன்றம் நீக்கியதிலிருந்து இணையத்தில் எதை எழுதினாலும் குற்றமில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஆபாசப் பதிவுக்கு அதே சட்டத்தின் 67 ஆவது பிரிவும், பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொல்லுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79 ஆவது பிரிவும் இருக்கின்றன. 'நான் எழுதவில்லை, ஃபார்வர்டு மட்டும் செய்தேன்' என்பதும் எடுபடாது. 2018 இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைப் பகிர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், படிக்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொல்லியும், வழக்கை நீக்கச் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 2023 இல் மறுத்துவிட்டன. அடுத்த ஆண்டு அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்சிக்காரர் ஒருவர் ஒரு பெண்ணை இப்படி எழுதினால், அவரைத் தடுக்க வேண்டியவர் நீங்களே. எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் அவர் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதுவார். உங்கள் சொல்லுக்கு நீக்கிவிடுவார்.

குடியிருப்புக் குழுவில் 'யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள், எல்லோரும் சொல்லுங்கள்' என்று கட்டாயப்படுத்துகிறார்கள். சொல்லாவிட்டால் மறைக்கிறேன் என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகர், தாம்பரம்

மறைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லும்படி நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியைக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94 ஆவது பிரிவு சொல்கிறது. நீதிபதிக்கு இல்லாத அதிகாரம் உங்கள் குழு அட்மினுக்கு இல்லை. 'சொல்ல விரும்பவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேளுங்கள்.