வாசகர் கேள்வி: பில்லிங் மென்பொருளை எதில் எழுதுவது?

கேள்வி: மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதப்போகிறோம். இரண்டே பேர், ஜாவாஸ்கிரிப்ட் நன்றாகத் தெரியும், சி ஷார்ப் ஓரளவு. பில் தமிழில் வர வேண்டும். பல கடைகளில் 4 ஜிபி ராம்தான், சிலவற்றில் இன்னும் விண்டோஸ் 7. ஜாவாஸ்கிரிப்டில் டெஸ்க்டாப் செயலி எழுத உதவும் எலக்ட்ரானா, டாரியா?

பதில்: இரண்டும் வேண்டாம். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி எலக்ட்ரான் பதிப்பு 22. அதிலேயே நின்றுவிட்டால், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன குரோமியத்தை (குரோம் உலாவியின் அடித்தளம்)க் கடைக்காரர் தலையில் கட்டுகிறீர்கள். போதாததற்கு ஒவ்வொரு செயலியும் ஒரு முழு குரோமியத்தைச் சுமந்து வரும். 4 ஜிபி கணினியில் அது தெரியும். டாரி விண்டோஸில் இருக்கும், இணையப் பக்கம் காட்டும் வெப்வியூ2-ஐயே பயன்படுத்துவதால் கோப்பு சிறியது. ஆனால் விண்டோஸ் 7-இல் அந்த வெப்வியூவும் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

சி ஷார்ப் செயலிகள் ஓடும் மைக்ரோசாஃப்ட் தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-இல், வின்ஃபார்ம்ஸ் என்ற சாளர வடிவமைப்பு நூலகத்தை எடுங்கள். பழைய சரக்குதான், ஆனால் இந்த வேலைக்குப் பொருந்தும். ஃபிரேம்வொர்க்கை விண்டோஸ் 7 எஸ்பி1-இல் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது. விஷுவல் ஸ்டுடியோவில் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு வார்ப்புருக்கள் இருக்கும். அடைப்புக்குறிக்குள் டாட்நெட் ஃபிரேம்வொர்க் என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றது புதிய டாட்நெட். விண்டோஸ் 7-இல் ஓடாது.

உண்மையான தலைவலி பிரிண்டர். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களுக்குத் தமிழை எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியோ சீன எழுத்தோதான் வரும். அவற்றின் எழுத்துப் பட்டியலில் தமிழ் கிடையாது. பில்லைப் படமாக வரைந்து அனுப்புங்கள். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் 80 மிமீ தாளுக்கு 576 புள்ளி அகலம், 58 மிமீ தாளுக்கு 384. வரையும்போது, எழுத்தை எப்படி வரைவது என்று சொல்லும் டெக்ஸ்ட்ரெண்டரிங்ஹின்ட்டை சிங்கிள்பிட்பெர்பிக்சல்கிரிட்ஃபிட் என்று வையுங்கள். இல்லாவிட்டால் எழுத்தின் ஓரங்களில் வரும் சாம்பல் நிறம், அச்சில் புள்ளி புள்ளியாகச் சிதறி ‘ஞ’, ‘ணை’ எல்லாம் படிக்க முடியாமல் போகும். எழுத்துரு இன்னொரு வம்பு: விண்டோஸ் 7-இல் நிர்மலா யூஐ இல்லை, விண்டோஸ் 10-இல் லதா தானாக வராது. நோட்டோ சான்ஸ் தமிழை இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒரே கவுன்டர் என்றால், ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட் தாராளம். இரண்டாவது கவுன்டர் வந்ததும் அந்தக் கோப்பைப் பகிர்ந்த ஃபோல்டரில் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். நெட்வொர்க்கில் கோப்புப் பூட்டு நம்பகமில்லை, தரவு கெட்டுப்போகும். அப்போது போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர் தரவுத்தளத்துக்கு மாறுங்கள்.

கேள்வி: பைத்தானில் சாளரச் செயலி எழுத உதவும் பைக்யூட்6-இல் எழுதிய செயலியை மூலநிரல் கொடுக்காமல் விற்கலாமா?

பதில்: வணிக உரிமம் வாங்கினால் விற்கலாம், இல்லையென்றால் ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் பொருந்தும், மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். அதே க்யூட்டுக்கான இன்னொரு பைத்தான் நூலகமான பைசைட்6-க்கு மாறுங்கள், அது எல்ஜிபிஎல்: உங்கள் மூலநிரலைக் கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இம்போர்ட் வரிகளையும், பைக்யூட்சிக்னல், பைக்யூட்ஸ்லாட் என்பவற்றை சிக்னல், ஸ்லாட் என்றும் மாற்றினால் போதும். செயலியைப் பொதிந்து தரும் பைஇன்ஸ்டாலரில் ஒன்ஃபைலைத் (எல்லாம் ஒரே கோப்பில்) தவிர்த்து ஒன்டிர் (எல்லாம் ஒரு ஃபோல்டரில்) பயன்படுத்துங்கள்: க்யூட் டிஎல்எல் கோப்புகள் தனியே இருப்பதால் பயனர் அவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்ற எல்ஜிபிஎல் நிபந்தனை எளிதில் நிறைவேறும், செயலியும் சீக்கிரம் திறக்கும். விற்பனை வரைபடத்துக்கு க்யூட் சார்ட்ஸைத் தொட்டுவிடாதீர்கள். பைசைட்டோடு வந்தாலும் அது ஜிபிஎல்தான்.