நிலத்தை விற்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பதி, மேலே என்ன படிக்கலாம் என்று யோசனை கேட்க, மகளோடு வந்திருந்தார்கள். நீட்டில் இரண்டாவது முறையும் மதிப்பெண் போதவில்லை. அம்மா அழுதார், தண்ணீர் கொடுத்தேன். "நிலத்தை வித்தாவது தனியார்ல சீட் வாங்கிடுன்னு பெரிய மச்சான் சொல்றார்" என்றார் அப்பா. என் ஆறுதல் அதோடு முடிந்தது. விற்கக் கூடாது. கடனுக்கு மச்சான் வட்டி கட்டப்போவதில்லை.

அப்புறம்தான் அந்தப் பெண் வாய் திறந்தாள். பாட்டி சர்க்கரை நோய்க்காகத் தினமும் சிறுகுறிஞ்சான் இலை மெல்லுவாராம். இவளும் மென்றுவிட்டுச் சர்க்கரையைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வாயில் மணல் மாதிரி இருந்ததாம். "நாக்குக்கு இனிப்பு தெரியல, சரி. ரத்தத்துல குறையுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

இந்தக் கேள்விக்கென்றே மருந்தியல் என்று ஒரு துறை இருக்கிறது. வழி பி.பார்ம்., நான்கு ஆண்டு; நீட் தேவையில்லை. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே உண்டு. "மெடிக்கல் ஷாப் வைக்கவா?" என்று உறவினர் கேட்பார்கள். கேட்கட்டும்.

வேலை இப்படி இருக்கும். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, எத்தனாலில் சாறு இறக்குவார்கள். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்தால் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி. அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கும். கரைத்த கையோடு போட வேண்டும். வைத்தால் வீரியம் போய்விடும். செல்கள் சிதையும்போது இன்சுலின் மொத்தமாகக் கொட்டி, சர்க்கரை தாழ்ந்து எலி செத்துப்போகலாம். அதனால் முதல் நாள் குளுக்கோஸ் தண்ணீர் வைப்பார்கள். மூன்று நாள் கழித்துப் பெரும்பாலும் ரத்தச் சர்க்கரை 250 மி.கி.யைத் தாண்டிய எலிகளைப் பிரிப்பார்கள்: சிலவற்றுக்குச் சாறு சேராத வெறும் கரைப்பான், சிலவற்றுக்கு கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை மருந்து, மற்றவற்றுக்கு வெவ்வேறு அளவில் சாறு. பிறகு வாரக்கணக்கில் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அளக்க வேண்டும். மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சாற்றின் யோக்கியதை தெரியும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஆகாது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வேர் ஐரோப்பாவின் கலேகா செடியில் இருக்கிறது. 1922இல் ஆய்வகத்தில் தயாரித்த அந்த மருந்தை, 1957இல்தான் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் நீரிழிவுக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டார்.

பி.பார்மோடு நிறுத்தினால் ஆய்வகம் கிடைப்பது கஷ்டம். ஜிபேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதித் தேறி, மேற்படிப்பான எம்.பார்ம். சேர்ந்தால் உதவித்தொகைக்கு வழி உண்டு. இதற்கு நிலம் எதற்கு?

கிளம்பும்போது, பாட்டி மாத்திரை போடுகிறாரா என்று கேட்டேன். இலை இருக்கிறதே என்று நிறுத்திவிட்டாராம். கல்லூரி விண்ணப்பம் நாளைக்கு ஆகட்டும், இன்றைக்கே பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றேன்.