சிம்கோ ஏரிக்கரை கொட்டேஜ்: ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் வசிக்கிறோம். ஓய்வுபெற்றபின் நிரந்தரமாக இருப்பதற்கென்று சிம்கோ ஏரியின் மணற்கரையோடு ஒரு கொட்டேஜ் பார்த்து, 40,000 டொலர் டிப்பொசிட் கட்டி, கண்டிஷன் எதுவுமில்லாமல் கையெழுத்திட்டோம். 'வருடம் முழுக்க இருக்கலாம்' என்றார் ஏஜென்ட். மனைவியின் சொந்தக்காரர் என்பதால் நம்பினோம். இப்போது டவுனில் விசாரித்தால் அந்தக் காணிக்குப் பருவகால வசிப்பிட சோனிங்தானாம் (காணியை எதற்குப் பாவிக்கலாம் என்ற டவுன் விதி). ஒழுங்கையில் பனி அள்ளவும் டவுன் வராதாம். ஐந்து வாரத்தில் குளோசிங், வீடு எங்கள் பெயருக்கு மாறும் நாள். ஏஜென்ட் மீது வழக்குப் போட்டு வெளியே வரமுடியுமா?

பதில்: சொந்தக்காரர் ஏமாற்றினாரா, அவருக்கே தெரியாதா என்பதை இப்போது விடுங்கள். அவர் மீது வழக்குப் போட, விஷயம் தெரியவந்ததிலிருந்து பொதுவாக 2 வருட அவகாசம் உண்டு. ஒப்பந்தம் உங்களுக்குத் தந்திருக்கும் அவகாசம் அதைவிட மிகக் குறைவு.

நீங்கள் கையெழுத்திட்டது ஒன்ராறியோவில் வீடு வாங்க வழக்கமாகப் பாவிக்கும் ஒப்பந்தப் படிவம் என்றால், அதன் 8ஆம் பிரிவில் 'தற்போதைய பயன்பாடு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதை நிரப்பியது யார் என்பதல்ல, என்ன எழுதி நிரப்பினார்கள் என்பதே கேள்வி. வெறுமனே 'தனிக்குடும்ப வசிப்பிடம்' என்றிருந்தால் உங்களுக்கு வாதிட இடமுண்டு. அந்தப் பயன்பாட்டைச் சட்டப்படி தொடரமுடியாது என்று உங்கள் சட்டத்தரணி எழுத்தில் ஆட்சேபிக்கவேண்டும். விற்பவரால் அதைத் தீர்க்கமுடியாவிட்டால், நீங்களும் விட்டுக்கொடுக்காவிட்டால், ஒப்பந்தம் முடிந்து டிப்பொசிட் திரும்பும். இதற்கான கெடு, ரெக்குவிசிஷன் தேதி (காணியின் உரிமைப் பத்திரத்தைச் சோதிக்க ஒப்பந்தத்தில் குறித்த கடைசி நாள்), கண்டிஷன் நீங்கிய தேதி இரண்டில் பிந்தியதிலிருந்து 30 நாள், அல்லது குளோசிங்குக்கு 5 நாள் முன்பு. இரண்டில் எது முந்துகிறதோ அது.

'பருவகால' என்று எழுதியிருந்தால் இந்த ஆட்சேபம் எடுபடாது. வாங்குபவர் இனிமேல் செய்ய நினைக்கும் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டில் ஃபர்னஸ் ஓடுவதால் சோனிங் மாறிவிடாது.

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் மாட்டுப்படுவது வேறோர் இடத்தில். கோபத்தில் ஏஜென்டுக்கு ஒரு வட்ஸ்அப் போடுவார்கள்: 'இந்த வீடு எங்களுக்கு வேண்டாம், காசைத் திருப்பித் தாருங்கள்.' விற்பவரின் சட்டத்தரணி காத்திருப்பதே அந்த ஒரு வரிக்குத்தான். ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள் என்றாகிவிடும். வலுவான ஆட்சேபம் கையிலிருந்தவர்கள்கூட இப்படி அதைத் தாங்களே கெடுத்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்கையில் மனம் கனக்கிறது. டிப்பொசிட் போவதோடு முடியாது. விற்பவர் வீட்டைக் குறைந்த விலைக்கு மறுபடி விற்றால், அந்த வித்தியாசத்தையும் இடைப்பட்ட செலவையும் உங்களிடம் கேட்பார். சந்தை இறங்கியிருக்கும் நேரத்தில் அது டிப்பொசிட்டைப்போல் பலமடங்காகலாம். இந்த மாதிரி மறுவிற்பனை வீட்டுக்கு 'யோசித்து மாறும்' நாட்கள் என்று எதுவும் கிடையாது. டைட்டில் இன்சூரன்ஸ் (காணி உரிமையில் வரும் குறைகளுக்கான காப்புறுதி) காப்பாற்றும் என்றும் இருக்கவேண்டாம். முன்கூட்டியே தெரிந்த குறைக்கு அது பணம் தராது.

வெற்றிடத்தில் 'பருவகால' என்றிருந்தால் என் ஆலோசனை சமரசம்தான். விலையைக் குறைக்கக் கேளுங்கள். மறுத்தால், டிப்பொசிட்டில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, இனி ஒருவர்மீது ஒருவர் எதுவும் கோருவதில்லை என்று இரு தரப்பும் கையெழுத்திடும் பரஸ்பர விடுவிப்போடு வெளியே வாருங்கள். பாதி போனாலும் சம்மதியுங்கள். அந்த விடுவிப்பில் ஏஜென்டையும் அவரது நிறுவனத்தையும் சேர்க்கச் சொல்வார்கள். அவர்மீதான உரிமை உங்களுக்கு வேண்டுமென்றால் அந்தப் பெயர்களை வெட்டச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் முதலிலேயே கூறிவிடுங்கள்.