வாசகர் கேள்வி: கணக்குக்குப் புரோகிராமிங்

இணைந்த கணிதம் எடுத்து உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். கணக்குச் செய்வதற்காகப் புரோகிராமிங் பழக ஆசை. பள்ளிக்கூடத்தில் ஐசிடி படிக்கவில்லை, வீட்டில் கம்பியூட்டரும் இல்லை, போன் மட்டும்தான். எங்கே தொடங்குவது அண்ணா?
- வாசகி, மல்லாவி

போன் போதும் தங்கச்சி. அன்ட்ரொயிட் போன் என்றால் பைட்ராய்ட் என்ற ஆப்பை ஒருதரம் இறக்கிவிடுங்கள், பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் பைதன் என்ற புரோகிராமிங் மொழி அதில் ஓடும். சின்னத் திரையில் தட்டுவது எரிச்சல்தான், அதிலும் பைதனில் வரித் தொடக்கத்து இடைவெளி பிசகினால் ஓடவே ஓடாது. ஆனால் இப்போதைக்கு நீங்கள் எழுதப்போவது பத்து வரியைத் தாண்டாது.

யூடியூப்பில் இருபது மணித்தியாலப் பாடத்தை முதலில் இருந்து பார்க்கத் தொடங்காதீர்கள், பாதியில் நித்திரைதான் வரும். மாறி (எண்ணைப் போட்டுவைக்கும் பெயர்), ஃபோர் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது), இஃப் (நிபந்தனை பார்ப்பது), மீதி காணும் குறி ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு உடனே ஒரு கணக்கில் இறங்குங்கள். புரோகிராம் எழுதித் தீர்க்கும் கணக்குகளைத் தரும், 2001 முதல் இருக்கும் புரொஜெக்ட் ஆய்லர் தளத்தின் முதல் கணக்கு இதற்குத் தோதானது: 1000 இற்குக் குறைந்த எண்களில் 3 அல்லது 5 இன் மடங்குகளின் கூட்டுத்தொகை என்ன?

முதலில் 10 இற்குக் குறைந்தவற்றைக் கையால் செய்யுங்கள். 3, 5, 6, 9, மொத்தம் 23. உங்கள் புரோகிராமும் 23 தந்தால்தான் 1000 இற்குப் போகலாம். சரியான விடை 233168. உங்களுக்கு 266333 வந்தால், 3 இற்கு ஒரு இஃப், 5 இற்கு இன்னொரு இஃப் என்று எழுதி, 15, 30, 45 எல்லாவற்றையும் இரண்டு தரம் கூட்டியிருக்கிறீர்கள். 234168 வந்தால் 1000 உம் உள்ளே வந்துவிட்டது. பைதனில் லூப்பின் மேல் எல்லையாகக் கொடுக்கும் எண் சேராது, அதனால் 1000 என்று கொடுத்தால் 999 இல் நிற்கும்.

விடை வந்ததும் போனை மூடிவிட்டுக் கொப்பியை எடுங்கள். மூன்று கூட்டல் விருத்தி: 3 இன் மடங்குகளின் 166833 உடன் 5 இன் மடங்குகளின் 99500 ஐக் கூட்டி, இரண்டு தரம் வந்த 15 இன் மடங்குகளின் 33165 ஐக் கழித்தால் அதே விடை, லூப்பே தேவையில்லை. இந்த இடத்தில் ஐசிடி படித்தவர்களைவிட உங்கள் கை ஓங்கித்தான் இருக்கும்.

கம்பியூட்டரே ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துச் சொல்லும்போது கணிதத்தில் நிறுவல் எதற்கு?
- வாசகர், ஒட்டுசுட்டான்

ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41 ஐயும் கூட்டுங்கள். 0 இலிருந்து 39 வரை எதைப் போட்டாலும் முதன்மை எண்தான் வரும், கணித மேதை ஆய்லர் கவனித்த சங்கதி இது. லூப்பை 39 வரை ஓடவிட்டவர் 'எப்போதுமே முதன்மை எண்தான்' என்று சத்தியம் செய்வார். 40 ஐப் போட்டால் 1681, அது 41 இன் வர்க்கம். எல்லா எண்ணுக்கும் சேர்த்து நிறுவ உதவும் கணிதத் தொகுத்தறிவைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

மகன் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான், கேட்டால் புரோகிராமிங் என்கிறான். நம்பலாமா?
- ஒரு தகப்பன், புளியங்குளம்

சோதித்துப் பாருங்கள் ஐயா. ஒரு இலட்சம் ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு 2 வட்டி, கட்டாத வட்டி முதலோடு சேரும். எத்தனையாம் மாதத்தில் கடன் இரண்டு இலட்சத்தைத் தொடும் என்று கேளுங்கள். வைல் லூப் (நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடுவது) தெரிந்தவன் ஐந்தாறு வரியில் முடிப்பான். நூற்றுக்கு 2 ஆச்சே, 50 மாதம் என்று வாயால் சொன்னால் அவன் பார்ப்பது வேறு ஏதோ. விடை 36. 35 என்று சொன்னால் ஏச வேண்டாம், அந்த மாதம் கிட்டத்தட்ட 11 ரூபாய்தான் குறைகிறது.