வைத்தியர் வீடியோவும் தம்பியின் லித்தியம் மாத்திரையும்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. பைபோலார் (மனம் சில காலம் அளவுக்கு மீறிக் கிளர்ந்தும், சில காலம் சோர்ந்தும் போகும் நோய்) என்று சொல்லி இரண்டு வருடமாக லித்தியம் கொடுக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். அம்மா தினமும் யூடியூபில் ஒரு பரம்பரை வைத்தியரின் லைவ் பார்க்கிறார். “பித்தம் தலைக்கேறியதுதான் காரணம். பேதிக்குக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியத்தோடு ஒரு மண்டலம் சூரணம் சாப்பிட்டால் போதும், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடலாம்” என்கிறார் அவர். கூரியரில் அனுப்புவாராம். தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. நான் தடுத்தால் சண்டை. என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, கரூர் மாவட்டம்)

பதில்: மனநல மருத்துவராக, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேதி மருந்து, உப்பில்லாப் பத்தியம், லித்தியம் மூன்றும் ஒரே உடம்பில் சேரவே கூடாது. சிறுநீரகம் சோடியத்தை நடத்துகிற மாதிரிதான் லித்தியத்தையும் நடத்தும். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலோ, பேதியாகி உடம்பில் நீர் வற்றினாலோ, சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்போம். 1.5ஐத் தாண்டினால் விஷம். கை மோசமாக நடுங்கும், வாந்தி பேதி வரும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். இதில் ஒரு வம்பு என்னவென்றால், வாந்தியும் பேதியும் வந்தால் “கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி” என்று சொல்ல ஆள் இருக்கும். அதை நம்பி ஒரு ராத்திரிகூடக் காத்திருக்க வேண்டாம். லித்தியத்தை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் லித்தியம் அளவையும் சிறுநீரகத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

“சரி, லித்தியத்தை நிறுத்திவிட்டுச் சூரணம் சாப்பிடட்டுமே” என்று அம்மா கேட்பார். பைபோலார் வந்து போகிற நோய். ஒரு முறை ஏறி இறங்கியபின், மருந்தே இல்லாமலும் சிலர் பல மாதம் சாதாரணமாக இருப்பார்கள். அதனால் 48 நாள் நன்றாக இருந்தது எந்த மருந்துக்கும் சாட்சி ஆகாது. மாத்திரையை நிறுத்தியதும் கை நடுக்கம் போகும், தாகம் குறையும், தலை தெளிந்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் எடுத்த பேட்டிதான் “நான் குணமானேன்” வீடியோ. பேசுபவர் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். நான்கு மாதம் கழித்துத் தூக்கமில்லாமல் கடன் வாங்கிச் செலவழித்துக்கொண்டிருக்கும்போது அவரை யாரும் மறுபடி படம் எடுப்பதில்லை. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பும் தற்கொலை அபாயமும் கூடுகின்றன. நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகத்தான் குறைப்போம்.

இதைச் சொன்னதும் நான் சித்த மருத்துவத்தின் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பதினெட்டு வகை கிரிகை என்று மனநோய்களைப் பிரித்து எழுதிய மரபு அது. தாம்பரத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. சர்ப்பகந்தா வேரை மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயன்படுத்துவதைப் பற்றி 1931இல் மருத்துவர்கள் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து பிரித்த ரெசர்பைன் என்ற மருந்து உலகம் முழுக்க மனநல மருத்துவமனைகளுக்குப் போனது. அதே மருந்து சிலரை மனச்சோர்வில் தள்ளியதாகவும் பதிவுகள் உண்டு. வேலை செய்கிற மூலிகைக்குப் பக்கவிளைவும் இருக்கும். லேபிள் இல்லாத பொட்டலத்தில் எந்த மூலிகை, எவ்வளவு, பாதரசமோ ஈயமோ கலந்திருக்கிறதா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அம்மாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் ஓ.பி.யில் ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த வைத்தியர் ஒரு மணி நேரம் பேசுகிறார், பித்தம், கண்ணேறு, குலதெய்வம் என்று வீட்டில் புழங்கும் சொற்களிலேயே பேசுகிறார். அந்த ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் மனநோயோடு வந்து தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே பெரிய சடங்கு எதுவும் கிடையாது. சொந்தக்காரர் ஒருவர் துணையாக இருக்க, கோயில் வேலைகளில் ஒத்தாசை செய்துகொண்டு இருந்தார்கள். அதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். இன்று ஏர்வாடி தர்காவில் துவாவோடு சேர்த்து அரசு மனநல மருத்துவர்களின் மருந்தும் கிடைக்கிறது.

ஆகவே அம்மாவிடம் “வீடியோ பார்க்காதே” என்று சொல்லாதீர்கள், ஜெயிக்க மாட்டீர்கள். நேர்த்திக்கடன், கோயிலில் தங்குவது, தலைக்கு எண்ணெய், எல்லாவற்றுக்கும் தலையாட்டுங்கள். மூன்றில் மட்டும் உறுதியாக நில்லுங்கள்: மாத்திரையை நிறுத்தக் கூடாது, பேதி கூடாது, உப்பைக் குறைக்கக் கூடாது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் பட்டம் படித்துப் பதிவு எண் வைத்திருப்பவரை, அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவிலேயே, மாத்திரைச் சீட்டோடு நேரில் போய்ப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் லித்தியத்தை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். மனநோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் அதை அம்மாவிடம் முதல் நாளே எடுத்துவிட வேண்டாம், வைத்தியர் மேல் பரிதாபம்தான் வரும்.

தம்பிக்கு ஏன் ஆசை வந்தது என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் நடுக்கம், எடை, அல்லது “கல்யாணத்துக்கு முன்னாடி மாத்திரையை விட்டுடணும்” என்பதாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் வழி உண்டு, அடுத்த முறை மருத்துவரிடம் அவரே வாய் திறந்து கேட்கட்டும். பொட்டலம் ஏற்கெனவே வந்துவிட்டதா? தூக்கி எறியாமல் எடுத்துவரச் சொல்லுங்கள். சூரணத்தை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் திட்டாமல் எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனை லித்தியம் எங்கே நிற்கிறது என்று காட்டிவிடும். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூக்கம் குறைந்தும் அவர் களைப்பே இல்லாமல் சுற்றினால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நடு ராத்திரி என்றால் 14416க்கு அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.