பெர்சியன் பூனைக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா, காசா சேத்து வைக்கலாமா?

கேள்வி: அண்ணா, நாங்க கொழிஞ்சாம்பாறை. பொண்ணு ஆசைப்பட்டான்னு கோயமுத்தூர்ல இருந்து பெர்சியன் குட்டி ஒண்ணு வாங்குனோம், ஆண், அஞ்சு மாசம் ஆச்சு. வீட்டுக்காரருக்கு தேங்கா வியாபாரம், வருமானம் மாசத்துக்கு மாசம் மாறும். பூனைக்கு இன்சூரன்ஸ் எடுங்கன்னு சொல்றாங்க. கே.எஸ்.எஃப்.இ. சிட்டி (கேரள அரசு கம்பெனி நடத்தற சீட்டு) ஒண்ணு கட்டிட்டு இருக்கோம், செலவு வந்தா அது போதாதா?

பதில்: அம்மிணி, பாலிசிக்கு முன்னாடி பூனையோட கிட்னிய பத்தி பேசிரலாம். பெர்சியன்ல பி.கே.டி.ன்னு பரம்பரை நோய் ஒண்ணு இருக்கு, பொறக்கறப்பவே கிட்னில சின்னச் சின்ன நீர்க்கட்டி இருக்கும், அது வருசக்கணக்கா மெதுவா பெருசாகி பெரும்பாலும் நடுவயசுலதான் வெளிய தெரியும், தாய் தகப்பன்ல ஒண்ணுக்கு அந்த ஜீன் இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக்குச்சியில தடவி எடுத்து டி.என்.ஏ. டெஸ்ட் பாத்துரலாம், ஆயுசுக்கும் ஒரு தடவை செலவுதான். உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, இல்லன்னா திருச்சூர் பக்கம் மண்ணுத்தி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரியில விசாரிங்க.

இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, பரம்பரை நோய், பிறவிக்குறை, பாலிசி எடுக்கறதுக்கு முந்தியே இருந்த நோய் இதெல்லாம் செல்லப்பிராணி பாலிசில பொதுவா சேராது, அதாவது பெர்சியனுக்கு எத நினைச்சு பயப்படறோமோ அதுக்கே காசு வராம போகலாம். தடுப்பூசி போடாம விட்டு அந்த நோய் வந்தாலும் கிளெய்ம் கிடைக்காது. வெயிட்டிங் பீரியட் வேற இருக்கு, அதாவது பாலிசி எடுத்து கொஞ்ச நாள் கழிச்சுதான் கிளெய்ம் பண்ண முடியும். பில்ல நீங்க மொதல்ல கட்டிட்டு அப்புறம் வாங்கற மாதிரிதான் பெரும்பாலும், அப்ப கையில ரொக்கம் எப்படியும் வேணும். வருமான வரில ஹெல்த் இன்சூரன்ஸுக்கு கொடுக்கற கழிவும் கிடையாது, அது மனுசங்களுக்கு எடுக்கற பாலிசிக்கு மட்டும்.

ஆண் பூனைக்கு மூத்திரம் அடைச்சுக்கிட்டா ஒண்ணு ரெண்டு நாள்லயே உயிருக்கு ஆபத்து, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சிட்டிப் பணம் அந்த நேரத்துக்கு உதவும்னு நம்பாதீங்க, குலுக்கல்ல நம்ம பேர் விழணும், இல்லன்னா ஏலத்துல விட்டுக்கொடுத்து எடுக்கணும், அதுக்கு மேல ஜாமீன் காட்டணும். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யும் இதுக்கு ஒத்து வராது, மூணு வருசத்துக்கு முன்னாடி முடிக்க விட மாட்டாங்க. பேங்க்ல தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட், மாசம் 1,000 ரூபா, வியாபாரம் நல்லா போற மாசம் கூடப் போடுங்க. கொறைச்சலா பாத்தாலும் மூணு வருசத்துல 36,000 ஆச்சு, அத வேற எதுக்கும் தொடாதீங்க.

உங்க வீட்டு ஆளுங்களுக்கு ஹெல்த் பாலிசி இருக்கான்னு நீங்க எழுதல. இல்லன்னா அதுதான் மொத வேலை, பூனை அப்புறம்.

இதெல்லாம் ஆகி, கட்ட வசதியும் இருந்தா பூனைக்கு பாலிசி எடுங்க, விபத்து ஆபரேசனுக்கு உதவும். நாய்க்கு இருக்கற அளவு பூனைக்கு பாலிசி இல்ல, அதனால எந்த வயசு வரைக்கும் புதுப்பிப்பாங்க, ஒவ்வொரு பில்லுலயும் நம்ம பங்கு எவ்வளவுன்னு ரெண்டையும் எழுத்துல வாங்கிக்கோங்க. டெஸ்ட்ல பி.கே.டி. இருக்குன்னு வந்தா ஃபார்ம்ல மறைக்காதீங்க, அப்புறம் அது தெரிய வந்தா நியாயமான கிளெய்மயும் சேத்து தள்ளிருவாங்க.